சலான் வந்தாலே குற்றவாளியா?

அடையாறு சர்தார் பட்டேல் சாலையில் உங்கள் கார் வேகமாகப் போனதாகக் கைபேசிக்குச் சலான் வருகிறது. முதல் தடவை என்றால் 1,000 ரூபாய் அபராதம். பலர் அதைத் தீர்ப்பென்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். அது காவல்துறையின் குற்றச்சாட்டு மட்டுமே. நீங்கள் மறுத்தால் நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எதைக் கொண்டு நிரூபிப்பது? 2021 ஆகஸ்டில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ அதைச் சொன்னது. கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். கேமரா இருப்பதை முன்கூட்டியே சொல்லும் பலகை சாலையில் இருக்க வேண்டும். நோட்டீசில் நம்பர் பிளேட் தெரியும் படம், பதிவான வேகம், நாள், நேரம், இடம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் வேண்டும். அந்தச் சான்றிதழ் வெறும் சடங்கல்ல. மூலக் கருவியையே கொண்டுவராமல் நகலைக் காட்டினால் அது கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

எந்த வேக வரம்பு என்பதும் முக்கியம். 2023 ஜூனில் சென்னையில் வேகக் கேமராக்கள் வந்தபோது, மணிக்கு 40 கி.மீ. என்ற பழைய வரம்புக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இது சோதனை ஓட்டம்தான், அபராதம் இல்லை என்றது காவல்துறை. நவம்பரில் வரம்பு மாறியது: காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் நடக்கும் முதியவர்களை நினைத்தால் அந்த 30 மிக நியாயமானது.

சிக்கலான கேள்வி வேறு. கேமரா வண்டியைப் பிடிக்கிறது, ஓட்டியவர் யார்? தி.நகருக்குப் போக மைத்துனர் வண்டியை வாங்கிப் போயிருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டியவர் விவரத்தை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். ஓட்டியதே உரிமையாளர் என்றால்? தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. பிரிட்டனில் இதே மோதல் வந்தபோது, ஓட்டுநர் பெயரைக் கேட்பது நியாயமான விசாரணையைக் குலைக்காது என்று 2007-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி வைத்திருப்பவர் அதற்கான பொறுப்பையும் ஏற்றவர் என்பது அதன் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் பெயரைக் கேட்கலாம் என்பதால், வேகத்தை நிரூபிக்கும் கடமை அரசை விட்டுப் போய்விடாது.

1,000 ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்கு அலைவது என்ற சலிப்புதான் சலானை மறுக்கும் உரிமையை அரிக்கிறது. பணம் கட்டும் முன் படத்தைத் திறந்து வண்டி எண், இடம், நேரம் பாருங்கள். உங்கள் வண்டி இல்லையென்றால் கட்டாதீர்கள். எழுதி மறுப்புத் தெரிவியுங்கள். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அந்த நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே எதிர்த்து வாதாடுவதாகப் பதிவு செய்யலாம்.