மடிக்கணினிக்கு ஒரு மாற்றுச் சேமிப்பகம்

நுழையும்முன்

வேகம் குறைந்த மடிக்கணினிகள் எல்லாம் பழுதுபட்டவை அல்ல. சேமிப்பகத்தை மட்டும் மாற்றினால் அவற்றுள் பல மீண்டும் நன்கு இயங்கும். எத்தகைய சேமிப்பகம் பொருந்தும், அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, மாற்றும்போது எதைக் காக்க வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

எழுத்தைப் பேணிய ஊர்

எழுத்தைப் பேணிக் காத்த ஊர்களுள் புதுச்சேரியும் ஒன்று. ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இவ்வூரில் தோன்றியது. 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுப்புகளை யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஓலையிலும் தாளிலும் இருந்த எழுத்து இன்று மடிக்கணினிக்குள் இருக்கிறது. மாணவரின் கட்டுரை, செயல்திட்டம், குடும்பத்தின் ஒளிப்படங்கள் ஆகிய அனைத்தும் உள்ளங்கையளவுள்ள ஒரு கருவிக்குள் அடங்கிவிடுகின்றன. எழுதப்படும் பொருள் மாறினாலும் அதைக் குறித்து எழும் வினாக்கள் மாறவில்லை. எவ்வளவு கொள்ளும்? எவ்வளவு விரைவாகத் தேடி எடுக்கலாம்? எவ்வளவு காலம் நிலைக்கும்? புதிய சேமிப்பகம் வாங்குவோரும் இவ்வினாக்களையே கேட்க வேண்டும்.

அண்டையிலுள்ள தமிழ்நாட்டில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அண்ணனோ அக்காவோ பெற்ற மடிக்கணினியைத் தம்பி தங்கையர் பயன்படுத்தும் வீடுகள் பல. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கணினி இயங்கத் தொடங்கவே சில நிமிடங்கள் ஆகின்றன. புதிய கணினி வாங்க வசதியில்லாத குடும்பத்தில் அது மூலையில் முடங்கிவிடுகிறது. அதற்குமுன் தாமதத்தின் காரணத்தை அறிய வேண்டும்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சுழலும் வன்தட்டு உள்ளது. காந்தப் பூச்சுக் கொண்ட வட்டத்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதன்மேல் ஒரு முனை உள்ளும் புறமும் நகர்ந்து தரவைப் படிக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடத்திற்கு முனை நகர்வதற்கும், அவ்விடம் சுழன்று முனைக்குக் கீழே வருவதற்கும் சேர்த்துச் சராசரியாக 15 மில்லிநொடி வரை தேவைப்படும். இக்கணக்கின்படி, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு அறுபது, எழுபது முறையே சென்று எடுக்க முடியும். கணினி தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. தாமதம் இங்கேதான் பிறக்கிறது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் முனையும் இல்லை. ஃபிளாஷ் நினைவகம் என்னும் சில்லுகளில் உள்ள நுண்ணறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி அது தரவைக் காக்கிறது. மின்சாரம் நின்றபின்னும் அம்மின்னூட்டம் தங்கியிருக்கும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்னும் பொறியாளர் 1980களில் உருவாக்கிய நுட்பம் இது. ஓரிடத்துத் தரவைத் தேடி எடுக்க இதற்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும். நகரும் உறுப்பு இல்லாததால் பேருந்துப் பயணத்தின் அதிர்வும் இதனை எளிதில் பாதிப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

வன்தட்டுடன் கூடிய முதல் வணிகக் கணினியை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்தியது. அதன் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படத்திற்கே அவ்விடம் போதாமற்போகலாம்.

முதல் வினா: பொருந்துமா?

விலையைக் கேட்குமுன் வடிவத்தை அறிதல் வேண்டும். மடிக்கணினிக்கான எஸ்.எஸ்.டி.கள் பெரும்பாலும் இருவகை வடிவில் கிடைக்கின்றன. ஒன்று, 2.5 அங்குலப் பெட்டி வடிவம். இது பழைய வன்தட்டு இருந்த இடத்திலேயே அமரும். சாட்டா என்னும் இணைப்பைப் பயன்படுத்தும். இதன் தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். பழைய வன்தட்டு 9.5 மில்லிமீட்டராக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு சட்டம் தேவைப்படலாம்.

மற்றொன்று, எம்.2 எனப்படும் மெல்லிய பட்டை வடிவம். அதன்மேல் உள்ள எண் அளவைக் குறிக்கும். 2280 எனில் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்பது பொருள். 2242 எனில் நீளம் 42 மில்லிமீட்டர். பலர் தவறுவது இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அன்று. அவ்வடிவத்தில் சாட்டா முறையில் இயங்குவனவும் உள்ளன, என்.வி.எம்.இ. முறையில் இயங்குவனவும் உள்ளன. ஒன்றை மட்டும் ஏற்கும் பொருத்துவாயில் மற்றொன்று இயங்காது. ஆகவே மடிக்கணினியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய பராமரிப்புக் கையேட்டைப் பார்த்தபின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். சில மடிக்கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைக் கழற்றி மாற்ற இயலாது.

இரண்டாம் வினா: எவ்வளவு விரைவு வேண்டும்?

சுழலும் வன்தட்டு தொடர்ச்சியான தரவை நொடிக்கு 100 மெகாபைட் அளவில் தரும். சாட்டா எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 மெகாபைட் தரும். என்.வி.எம்.இ. வகையில் மூன்றாம் தலைமுறை இணைப்புடையவை 3,500 மெகாபைட் வரையிலும், நான்காம் தலைமுறை இணைப்புடையவை 7,000 மெகாபைட் வரையிலும் தர வல்லவை.

இவ்வெண்களை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. கட்டுரை எழுதுதல், பாடக் காணொலி பார்த்தல், இணையத்தில் தேடுதல் ஆகிய பணிகளில் வன்தட்டுக்கும் சாட்டா எஸ்.எஸ்.டி.க்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். சாட்டாவுக்கும் என்.வி.எம்.இ.க்கும் உள்ள வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பெரிய காணொலிகளைத் தொகுப்போருக்கே அவ்வேகம் மிகுதியும் பயன்படும். மேலும், கணினியின் இணைப்பு தாங்கும் வேகத்திற்குமேல் எந்த எஸ்.எஸ்.டி.யும் ஓடாது. பழைய கணினிக்கு விலை மிகுந்த நான்காம் தலைமுறைக் கருவியை வாங்கினால் அதன் முழு வேகமும் கிடைக்காது.

சேமிப்பகத்தை மாற்றியும் பயன் காணாத கணினிகள் உண்டு. முதன்மை நினைவகமாகிய ராம் மிகக் குறைவாக இருந்தாலோ, செயலி மிகப் பழையதாக இருந்தாலோ முன்னேற்றம் ஓரளவே இருக்கும். எனவே முதலில் சோதனை செய்ய வேண்டும். கணினி தடுமாறும் வேளையில் பணி மேலாளர் சாளரத்தைத் திறந்து பார்க்கலாம். வட்டின் பயன்பாடு நெடுநேரம் நூறு விழுக்காட்டை ஒட்டி நின்று, செயலியும் ராமும் ஓய்வாக இருந்தால் வன்தட்டே தாமதத்திற்குக் காரணம் எனக் கொள்ளலாம்.

மூன்றாம் வினா: எவ்வளவு கொள்ளும்?

தற்போதைய வன்தட்டில் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்பதைப் பார்த்து, அதைப்போல் இருமடங்கு கொள்ளளவைத் தேர்ந்தெடுப்பது நல்ல அளவுகோல். எஸ்.எஸ்.டி. விளிம்புவரை நிரம்பினால் எழுதும் வேகம் குறையும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கேனும் வெற்றிடமாக இருத்தல் நன்று.

512 ஜிகாபைட் என்று வாங்கியது திரையில் ஏறத்தாழ 476 என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாகச் சிலர் எண்ணுவர். உற்பத்தியாளர் ஒரு ஜிகாபைட்டை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1,024இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அளவு ஒன்றே, அளக்கும் படிதான் வேறு.

நான்காம் வினா: எவ்வளவு காலம் உழைக்கும்?

ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வோர் அறையும் எழுதி அழிக்கப்படும்போது சிறிது தேய்கிறது. ஓர் அறையில் மூன்று பிட்டுகளைச் சேமிப்பது டி.எல்.சி. வகை, நான்கு பிட்டுகளைச் சேமிப்பது க்யூ.எல்.சி. வகை. மூன்று பிட்டுகளுக்கு எட்டு நிலைகளையும் நான்கு பிட்டுகளுக்குப் பதினாறு நிலைகளையும் ஒரே அறையில் பிரித்தறிய வேண்டும். ஆதலால் பின்னது விலை குறைவாக இருப்பினும் எழுதும் வேகமும் உழைக்கும் திறனும் குறைந்தது. நாள்தோறும் பயன்படுத்தும் மடிக்கணினிக்கு டி.எல்.சி. வகையே ஏற்றது.

எவ்வளவு தரவை எழுதும்வரை உத்தரவாதம் உண்டு என்பதை உற்பத்தியாளர் டெராபைட் அளவில் குறிப்பிடுவர். அவ்வளவு 150 டெராபைட் எனக் கொள்வோம். ஒருவர் நாள்தோறும் 20 ஜிகாபைட் எழுதினால் ஓராண்டில் 7.3 டெராபைட் ஆகும். 150ஐ 7.3ஆல் வகுத்தால் இருபது ஆண்டுக்குமேல் வரும். எனவே மாணவர் ஒருவர் இத்தேய்மானத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. பெயரறியாத மலிவுக் கருவிகளையும், நம்ப முடியாத கொள்ளளவைச் சொல்லி விற்கப்படும் போலிகளையும் எண்ணியே அஞ்ச வேண்டும். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டு, உரிய விலைப்பட்டியலைப் பெற்றுக்கொள்வது நுகர்வோரின் கடமை.

படியெடுத்தபின் மாற்றுக

தேர்வு முடிந்து புதிய சேமிப்பகம் கைக்கு வந்ததும் கணினியைத் திறக்கும் ஆவல் எழும். அதற்குமுன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. அதனை ஆனந்தரங்கர் நாட்குறிப்பின் வரலாறே உணர்த்துகிறது. அவர் மறைவுக்குப்பின் நெடுங்காலம் அந்நாட்குறிப்பு வெளியுலகின் கவனத்திற்கு வரவில்லை. 1846ஆம் ஆண்டில் கலுவா மோம்பிரேன் என்பவர் அதனைக் கண்டறிந்து படியெடுத்தார். பின்னர் எதுவார் அரியேல் என்பவர் எடுத்த மற்றொரு படி பாரிசு நகரத்து நூலகத்தை அடைந்தது. ஓலை நலியுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்த நம் முன்னோர் செயலும் இத்தகையதே. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் எழுத்து எந்த நேரத்திலும் இழப்புக்கு உள்ளாகலாம்.

ஆகவே வன்தட்டைக் கழற்றுமுன் இன்றியமையாத கோப்புகளை வேறொரு கருவியில் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அதன்பின் பழைய வன்தட்டில் உள்ளவற்றை அப்படியே புதியதில் படியெடுக்கலாம்; அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். கணினியை முற்றிலும் நிறுத்தி, மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்க ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுப் பணியைத் தொடங்க வேண்டும். பழக்கமில்லாதோர் தேர்ந்த பணியாளரின் உதவியை நாடலாம்.

கழற்றிய வன்தட்டை உடனே எறிந்துவிடுதல் கூடாது. சிறு விலையில் கிடைக்கும் யூ.எஸ்.பி. உறையில் இட்டால் அதுவே காப்புப் படி வைக்கும் கருவியாகும். எஸ்.எஸ்.டி. விரைவானது என்பதால் அது இழப்பற்றது என்று கருதலாகாது. அது பழுதடையும்போது முன்னறிவிப்பு இல்லாமலும் போகலாம். அழித்த கோப்புகளை அதிலிருந்து மீட்பது வன்தட்டில் மீட்பதைவிடக் கடினம். மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தால் அறைகளிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்து தரவு சிதையவும் கூடும். எனவே எந்தச் சேமிப்பகத்தை வாங்கினாலும் மற்றொரு படி வேறோரிடத்தில் இருக்க வேண்டும்.

பொருந்தும் வடிவம், தேவைக்கேற்ற வேகம், போதிய கொள்ளளவு, நம்பத்தக்க உத்தரவாதம் ஆகிய நான்கையும் ஆராய்ந்து வாங்குபவர் பணத்தைச் சேமிக்கிறார். மாற்றுமுன் படியெடுப்பவர் தம் உழைப்பைச் சேமிக்கிறார். மூலையில் கிடந்த மடிக்கணினி மீண்டும் படிப்புக்கு உதவும்போது, அதற்குள் இருந்த பழைய எழுத்துகளும் உடன் இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மடிக்கணினி ஒன்றின் சேமிப்பக வகை, கொள்ளளவு, நிரம்பிய இடம் ஆகியவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. நாள்தோறும் 40 ஜிகாபைட் எழுதும் ஒருவருக்கு 300 டெராபைட் உத்தரவாதமுள்ள எஸ்.எஸ்.டி. எத்தனை ஆண்டுகள் உழைக்கும் எனக் கணக்கிடுக.

3. ‘ஓலைச்சுவடியும் கணினிச் சேமிப்பகமும்’ என்னும் தலைப்பில், படியெடுத்தலின் தேவையை விளக்கி வகுப்பறையில் உரையாற்றுக.