தத்துக்குப் பின்னே ஒரு சுற்றம் வேண்டும்

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது நம் பாட்டிமார் வாக்கு. நல்ல வாக்குதான். ஆனால் தத்தெடுத்த வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிப் பாராட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் வளர்வது ஊரார் பிள்ளை அல்ல, அவர்களுடைய பிள்ளைதான். சட்டம் அப்படிச் சொல்கிறது. பெற்றோர் மனம் அப்படிச் சொல்கிறது. உறவும் அக்கம்பக்கமும் அப்படிச் சொல்வதற்குத்தான் நாளாகிறது.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். மாமியார் வேலூரில், அம்மா திருச்சியில், அண்ணன் சென்னையில் என்று சுற்றம் சிதறிக் கிடக்கிறது. பிரசவம் என்றால் அம்மா பெட்டியோடு ரயிலேறி வந்துவிடுவார். ஆறு மாதம் இருந்து பேரனைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் ஊர் திரும்புவார். தத்தெடுத்த மகளுக்கு அந்த உதவி எப்போதும் கிடைப்பதில்லை. "அவளுக்கென்ன, பிள்ளை பெற்ற உடம்பா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பத்தியச் சாப்பாடு வேண்டாம், சரி. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து புது முகத்தைப் பார்த்து மிரளும் குழந்தையைத் தேற்றுகிற தாய்க்கு ஒரு கை உதவி வேண்டாமா?

அன்று வாரிசுக்கு, இன்று குழந்தைக்கு

நம் நாட்டில் தத்து புதிதல்ல. சுவீகாரம் என்ற பெயரில் அரண்மனை முதல் அக்கிரகாரம் வரை நடந்ததுதான். ஆனால் அது பெரும்பாலும் வாரிசுக்காக நடந்தது. கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும் ஓர் ஆண் பிள்ளை வேண்டும். அதுவும் பங்காளி வீட்டிலிருந்தே வேண்டும். 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி செய்தது. கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி மக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. பெற்ற பிள்ளைபோல் வளர்த்தாலும் காகிதத்தில் அவர்கள் தாய் தந்தை அல்லர்.

2000-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2006-ல் அதற்கு வந்த திருத்தமும் அந்தக் கதவைத் திறந்தன. எந்த மதத்தவரும் அந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்பதை 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு 30 ஆண்டு முன்னால், 1984-ல், லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, வெளிநாட்டார் நம் குழந்தைகளைத் தத்தெடுப்பதற்கு நீதிபதி பகவதி விதிமுறைகள் வகுத்தார். அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக வந்ததுதான் 'காரா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய தத்து வள ஆணையம்.

இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். தத்தெடுக்க விரும்புவோர் காராவில் பெயர் பதிய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். வரிசைப்படி குழந்தையின் விவரம் வரும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையைப் பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சித் தலைவர்; முன்போல் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. 2024-25 நிதியாண்டில் நாடு முழுவதும் 4,515 தத்துகள் நடந்ததாகக் காரா அறிவித்தது. காத்திருக்கும் பெற்றோர் எண்ணிக்கையோ இதைவிடப் பல மடங்கு. கைக்குழந்தை வேண்டுவோர் மூன்று ஆண்டுக்கும் மேல் காத்திருக்கிறார்கள்.

ஆணை கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்தபின் இரண்டு ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து அறிக்கை தர விதி இருக்கிறது. ஆனால் நடு இரவில் குழந்தை வீறிட்டு அழும்போது அந்த அறிக்கை எழுதுகிறவர் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அங்கேதான் சுற்றம் வேண்டும்.

பெங்களூர் காட்டிய வழி

இந்த விஷயத்தில் பெங்களூருக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. 1982-ல் நோமிதா சாண்டி அம்மையார் முன்னின்று தொடங்கிய 'ஆஷ்ரயா', கட்டட வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தியதோடு, கைவிடப்பட்ட குழந்தைகளுக்குக் குடும்பமும் தேடித் தந்தது. கனரா வங்கி ஊழியர்களின் நல அமைப்பு 'மாத்ருச்சாயா' என்ற பெயரில் தத்துப் பணி செய்து வந்திருக்கிறது. 'வத்சல்யா' அறக்கட்டளை, தத்து ஆகும்வரை குழந்தையைத் தொட்டில் வரிசையில் போட்டு வைக்காமல், வளர்ப்புத் தாய்மார் வீடுகளில் வளரவிடும் முறையைக் கையாண்டது.

இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. தத்தெடுத்த குடும்பங்களே 'சுதத்தா' என்ற பெயரில் ஒரு சங்கமாகக் கூடின. நல்லபடி கொடுக்கப்பட்டது என்று அந்தப் பெயருக்குப் பொருள். இத்தகைய சங்கங்களில் பெரிய சொற்பொழிவுகளுக்கு வேலையில்லை. புதிதாகத் தத்தெடுத்தவர், பத்தாண்டு முன்பே தத்தெடுத்தவரிடம் கேட்டுக்கொள்கிறார்: "உங்கள் பிள்ளையும் இப்படித்தான் செய்தானா?" "செய்தான். ஒரு வருஷத்தில் சரியாகிவிட்டது" என்று பதில் வருகிறது. டாக்டர் எழுதித் தரும் மருந்தைவிட இந்தப் பதில் சில நேரம் அதிகம் வேலை செய்யும். குழந்தைகளுக்கும் லாபம் உண்டு. தன்னைப்போல் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் வேறு பலரும் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் விளையாட்டோடு விளையாட்டாகப் பார்த்துவிடுகிறார்கள்.

நகரத்தின் டாக்டர் அலோமா லோபோவையும் சொல்ல வேண்டும். அரிய தோல் நோயோடு பிறந்து கைவிடப்பட்ட பெண் குழந்தையை, தமக்குப் பிள்ளைகள் இருந்தும் மகளாக ஏற்றுக்கொண்டவர். பிற்பாடு காராவின் தலைவராகவும் பொறுப்பு வகித்தவர். வெளியே போகும் இடமெல்லாம் உற்றுப் பார்த்த கண்களை அந்தக் குடும்பம் சந்திக்க வேண்டியிருந்தது. நோய்க்கு மருத்துவம் உண்டு. ஊராரின் பார்வைக்கு ஊரார்தான் மருந்து.

என்ன உதவி செய்யலாம்?

"நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் அனுபவப்பட்ட குடும்பங்கள் சொல்லும் சில விஷயங்கள் இவை.

குழந்தை வந்த முதல் சில வாரங்கள் கூட்டமாகப் போய்க் கொஞ்ச வேண்டாம். இல்லத்தில் பல கைகள் மாறி மாறித் தூக்கி வளர்ந்த குழந்தை அது. யார் அம்மா, யார் அப்பா என்பதை அது இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஊட்டுவதும் தூங்க வைப்பதும் பெற்றோரே செய்யட்டும். நாம் செய்யக்கூடியது சாம்பாரும் பொரியலும் செய்து கொண்டுபோய்க் கொடுப்பது, கடைக்குப் போய் வருவது, துணி மடித்து வைப்பது.

வார்த்தையில் கவனம் வேண்டும். "சொந்தப் பிள்ளையா, தத்தா?" என்று குழந்தையின் காதில் விழக் கேட்பது தேள் கொட்டுவதற்குச் சமம். "பெரிய புண்ணியம் கட்டிக்கொண்டீர்கள்" என்பதும் வேண்டாம். புண்ணியத்துக்காக வளர்க்கப்படுகிறோம் என்று எந்தப் பிள்ளைதான் அறிய விரும்பும்? "உன்னை எடுத்து வளர்த்தவர்களுக்கு நன்றியோடு இரு" என்ற உபதேசமும் அப்படித்தான். பெற்ற பிள்ளைக்கு யாரும் தினமும் அப்படிச் சொல்வதில்லை.

உண்மையை மறைக்கத் துணைபோக வேண்டாம். தத்து என்பதைச் சிறு வயது முதலே கதை சொல்வதுபோல் சொல்லி வரவேண்டும் என்பதே இன்று அனுபவஸ்தர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வழி. 2002-ல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்த நாளில்தான் உண்மை தெரியும்; அந்தச் சிறுமியின் தவிப்பை நாம் திரையில் பார்த்தோம். பெற்றோர் சொல்வதற்கு முன் கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொல்லித் தெரிவது அதைவிடக் கொடுமை. அதே சமயம், எப்போது, யாரிடம் சொல்வது என்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. அவர்கள் நம்மிடம் சொன்னதை நாம் தெருவுக்குச் சொல்லக் கூடாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா பாட்டி முதல் குடும்ப மரம் வரைந்து வா, பிறந்த அன்று எடுத்த போட்டோ கொண்டு வா என்று வகுப்பில் சொல்கிறோம். பிறந்த அன்று எடுத்த போட்டோ இல்லாத பிள்ளை அன்று பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிடும். "உனக்குப் பிடித்த ஒரு போட்டோ" என்று மாற்றிச் சொன்னால் போயிற்று.

ஐந்து, ஆறு வயதுக்கு மேல் வரும் குழந்தைகள் விஷயத்தில் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். முதல் சில வாரம் அடக்கமாக இருக்கும். பிறகு சோதிக்கத் தொடங்கும். தலையணைக்கு அடியில் சப்பாத்தியை ஒளித்து வைக்கும், பொய் சொல்லும், பொருளை உடைக்கும். "இவர்களும் என்னை விட்டுவிடுவார்களோ" என்ற பயம்தான் அப்படிப் பேசுகிறது. இந்தக் கட்டத்தில்தான் சில குடும்பங்கள் மனம் உடைந்து குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கின்றன. "அப்போதே சொன்னேனே, ரத்தம் அப்படி" என்று உறவினர் ஒருவர் சொல்வது அந்தக் குழந்தையை வாசலுக்கு வெளியே தள்ளும் கை. "பொறுத்துக்கொள், நான் வந்து இரண்டு நாள் இருக்கிறேன்" என்பது உள்ளே இழுத்து அணைக்கும் கை. ஒரு முறை கைவிடப்பட்ட பிள்ளைக்கு இரண்டாம் முறை அது நேரக் கூடாது.

மொழியும் உண்டு. கர்நாடகத்து இல்லத்திலிருந்து தமிழ் வீட்டுக்கு வரும் பிள்ளை கன்னடம் பேசிக்கொண்டு வரும். தமிழ் தானாக வரும், அவசரம் இல்லை. கன்னடத்தை அதன் வாயிலிருந்து பிடுங்க வேண்டாம். அது கையில் கொண்டுவந்த ஒரே சொத்து அதுவாக இருக்கலாம். இரண்டு மொழியிலும் பழகிய பெங்களூர்த் தமிழருக்கு இது சிரமமான காரியமும் அல்ல.

வளர்ப்புப் பராமரிப்பு வேறு

தத்து என்றால் பிள்ளை என்றென்றும் நம்முடையது. வளர்ப்புப் பராமரிப்பு அப்படியல்ல. தாய் நோயில் கிடக்கலாம், தகப்பன் சிறையில் இருக்கலாம். வந்து பார்க்க ஆளில்லாமல் இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில் ஒரு குடும்பம் தன்னோடு வைத்து வளர்ப்பது இது. 2016-ல் மத்திய அரசு இதற்கு மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. 2024-ல் அவை திருத்தப்பட்டு, தனியாக வாழ்வோருக்கும் வாய்ப்புத் தரப்பட்டது. பெரும்பாலும் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளே இப்படி வருகிறார்கள். 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் ரூ.4,000 உதவித் தொகைக்கு 2022 நெறிமுறை இடம் தருகிறது. தத்துக்குச் சட்டப்படி தடையில்லாத பிள்ளையானால், இரண்டு ஆண்டு வளர்த்தபின் அதே குடும்பம் தத்தெடுத்துக்கொள்ளவும் வழியுண்டு.

இந்தத் தாய்மாரின் துக்கம் தனி. பாசம் வைத்து வளர்த்த பிள்ளை ஒருநாள் பெற்றவளிடம் திரும்பிப் போகும். போகத்தான் வேண்டும். அன்றைக்கு அந்த வீடு இழவு வீடுபோல் இருக்கும். ஆனால் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. "உன் பிள்ளையா என்ன, அழுவதற்கு?" என்பார்கள். அன்று போய் உட்கார்ந்திருப்பதே உதவி.

குறுக்கு வழி வேண்டாம்

நீண்ட காத்திருப்பைக் காட்டி ஆசை வார்த்தை பேசும் தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். 2019-ல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் பச்சிளங் குழந்தைகளை விற்ற விவகாரம் அம்பலமானது. 2023 நவம்பரில் பெங்களூர் மத்தியக் குற்றப் பிரிவு போலீசார் பிடித்த குழந்தை விற்பனைக் கும்பலுக்கும் தமிழ்நாட்டோடு தொடர்பு இருந்தது. உறவுக்குள் நடக்கும் தத்துக்கு 1956-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கோ சிறார் நீதிச் சட்டத்தின் வழிதான் வழி. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்ச ரூபாய் அபராதத்துக்கும் உரிய குற்றம். தண்டனையைவிடப் பெரிய நஷ்டம் குழந்தைக்கு. போலீசார் வந்தால் பழகிய மடியை விட்டு மறுபடி இல்லத்துக்குப் போகும். வளர்ந்தபின் தன் வேரைத் தேடினால், தேடிப்போக ஒரு காகிதம்கூட இராது. முறைப்படி வந்த பிள்ளைக்கு 18 வயதானபின் தன் பூர்வீகம் பற்றிக் கேட்க விதியே இடம் கொடுக்கிறது.

கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வளர்க்க முடியாத நிலையில் உள்ள தாய் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பார்த்த நமக்கு, ஒப்படைப்பது குற்றமல்ல, குப்பையில் போடுவதுதான் குற்றம் என்பதை எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

அல்சூரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை கோயில் கமிட்டி, மாதா கோயில், ஜமாத், மாதர் சங்கம் இருக்கின்றன. பொங்கலுக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும் கூடுகிற நாம், ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தத்துக் குடும்பங்களையும் வளர்ப்புக் குடும்பங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொன்னால் என்ன? மேடையும் பொன்னாடையும் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடும், பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு முற்றமும் போதும். தத்தெடுக்கலாமா என்று தயங்கும் ஒரு தம்பதி அங்கே வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும். பேரப்பிள்ளையை ஏற்க மனமில்லாத ஒரு பாட்டியையும் கைபிடித்து அழைத்து வாருங்கள்.