கடைசிப் படியையும் ஏறிவிடுங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகளின் அலமாரியில் பழையதாகிப்போன விளையாட்டுக் கருவி ஒன்றாவது இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது நிண்டெண்டோ நிறுவனத்தின் 3டிஎஸ். 2013ல் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், என் மகளுக்காக வாங்கி வந்தது. புத்தகம் போல் மூடித் திறக்கலாம், இரண்டு திரைகள், கண்ணாடி அணியாமலே மேல்திரையில் படம் முப்பரிமாணமாகத் தெரியும். 2011ல் வெளிவந்த இக்கருவியின் உற்பத்தி 2020ல் நின்றது. 2023 மார்ச்சில் அதன் இணையக் கடையில் விற்பனை முடிந்தது. 2024 ஏப்ரலில் இணையம் வழியே சேர்ந்து ஆடும் வசதியும் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் கருவி மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது.

இப்படிக் கைவிடப்பட்ட கருவிகளில் இளைஞர்கள் பலர் 'கஸ்டம் ஃபர்ம்வேர்' போட்டுக்கொள்கிறார்கள். நானும் போட்டேன். பாதியில் விட்டேன். அதற்குக் கொடுத்த விலை பெரிது. அந்த அனுபவத்தை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

கருவியைப் போட்டவுடன் அதை எழுப்பி, இன்னது செய் என்று சொல்லும் அடிப்படை நிரல்தான் ஃபர்ம்வேர். நிறுவனம் தந்த நிரல், நிறுவனம் அனுமதித்ததை மட்டுமே ஓடவிடும். உதாரணமாக, எங்கள் 3டிஎஸ் அமெரிக்காவில் விற்றது. நண்பர் ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு அட்டை அதில் ஓடவில்லை. கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டால் இந்தத் தடை விலகும். ஆட்டத்தில் நாம் சேர்த்து வைத்த முன்னேற்றத்தையும் தனியே நகல் எடுத்து வைக்கலாம்.

3டிஎஸ்ஸில் இது எப்படிச் சாத்தியமாயிற்று? கருவி கண் விழித்ததும் முதலில் ஓடும் நிரல், சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்டது. யாராலும் மாற்ற முடியாதது. அடுத்து வரும் நிரலின் கையொப்பம் சரியா என்று பார்ப்பது அதன் வேலை. அந்தச் சோதனையிலேயே ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பயன்படுத்தி 2017ல் 'பூட்9ஸ்ட்ராப்' என்ற சிறு நிரல் வெளிவந்தது. விற்றுப்போன கருவிகளின் சில்லை நிறுவனம் திருத்த முடியாது. ஆகவே அந்த வழி அடைபடவே இல்லை.

இந்தப் பூட்9ஸ்ட்ராப் எழுந்ததும் 'பூட்.ஃபர்ம்' என்ற கோப்பைத் தேடும். அதுதான் 'லூமா' எனப்படும் கஸ்டம் ஃபர்ம்வேர். முதலில் எஸ்.டி. கார்டில் தேடும், அங்கே இல்லாவிட்டால் கருவியின் உள் நினைவகத்தில் தேடும். இரண்டிலும் இல்லையென்றால் கருவி அணைந்துவிடும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு

லூமாவை எஸ்.டி. கார்டில் வைத்துக் கருவியை இயக்கினேன். திரை வந்தது, ஜப்பான் அட்டை ஓடியது, மகளுக்கு மகிழ்ச்சி. 'முடிந்தது வேலை' என்று எழுந்துவிட்டேன். செய்முறையில் 'அமைப்பை நிறைவு செய்தல்' என்று ஒரு பகுதி மிச்சமிருந்தது. ஓடுகிற கருவிக்கு இன்னும் என்ன வேண்டும் என்று அலட்சியம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொத்தானை அழுத்தினால் நீல விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். "போர்டு போச்சு சார், தூக்கிப் போடுங்க" என்றார். மகள் அழவில்லை. "தாத்தா படமெல்லாம் அதுலதானேப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். என் தந்தையார் காலமாகி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. பேத்தியும் தாத்தாவும் அந்தக் கருவியில் எடுத்துக்கொண்ட முப்பரிமாணப் படங்கள் வேறெங்கும் கிடையாது.

போர்டு போகவில்லை, எஸ்.டி. கார்டுதான் செத்திருந்தது. வேறொரு கார்டில் அந்த ஒரே கோப்பை வைத்துச் செருகியதும் ஐந்து நிமிடத்தில் கருவி உயிர்பெற்றது. படங்கள் திரும்பவில்லை.

நிறைவு செய்வது எப்படி?

முதலில் கார்டில் உள்ள 'டிசிஐஎம்' உறையைக் கணிப்பொறிக்கு நகல் எடுங்கள். படங்கள் இருப்பது அதில்தான். மற்ற எல்லாம் பிறகு.

இரண்டாவது, நல்ல கார்டு வாங்குங்கள். மலிவான போலிக் கார்டுகள் 32 ஜிபி என்று சொல்லிக்கொண்டு அதில் பாதிகூடக் கொள்ளாது. கணிப்பொறியில் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுவது நல்லது. கார்டு ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நான் தவறவிட்ட படி. 'காட்மோட்9' என்ற கருவி நிரலைக் கொண்டு லூமாவை உள் நினைவகத்துக்கும் நகல் எடுக்க வேண்டும். 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்திக்கொண்டே கருவியைப் போட்டால் அது திறக்கும். வீட்டுச் சாவி ஒன்றை வெளியே வைத்திருந்தாலும் இன்னொன்று வீட்டுக்குள் இருப்பது போல. இதைச் செய்த பிறகு கார்டைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். கருவி எழுந்தால் படி முடிந்தது.

நான்காவது, காப்பு நகல். அதே காட்மோட்9 வழியாக உள் நினைவகம் முழுவதையும் ஒரே கோப்பாக எடுக்கலாம். பழைய 3டிஎஸ்ஸில் இது ஏறத்தாழ 950 எம்பி. 'நியூ 3டிஎஸ்' வகையில் ஏறத்தாழ 1.2 ஜிபி. இதோடு 'எசென்ஷியல்' என்ற சின்னஞ்சிறு கோப்பு ஒன்றும் கிடைக்கும். அளவு சிறிது, மதிப்பு பெரிது. அந்தக் கருவிக்கே உரிய ரகசிய எண்கள் அதில் இருக்கின்றன. கார்டில் உள்ள ஆட்டச் சேமிப்புகள் அந்த எண்களைக் கொண்டே பூட்டப்பட்டவை. எண்கள் போனால் கார்டு நன்றாக இருந்தும் பயனில்லை. இவை கருவிக்குக் கருவி மாறுபடுவதால் அண்டை வீட்டு நகல் நமக்கு உதவாது. இரு கோப்புகளையும் கணிப்பொறியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு கார்டில் உள்ள பெரிய கோப்பை நீக்கி இடம் மிச்சப்படுத்தலாம்.

இந்த வேலைகளின்போது சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள். செய்முறையில் சொல்லாத கோப்பு எதையும் உள் நினைவகத்தில் தொடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள்

இந்த வசதியை வைத்துக்கொண்டு காசு கொடுக்காத விளையாட்டுகளை இறக்குவது திருட்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போதே அதையும் சொல்லிவிடுவது நம் கடமை. நம் பொருளை நாம் பராமரிப்பது வேறு, பிறர் உழைப்பை எடுத்துக்கொள்வது வேறு.

எங்கள் 3டிஎஸ் இப்போது கார்டு இல்லாமலும் எழுகிறது. என் மகள் சென்ற தீபாவளிக்கு அதில் பாட்டியோடு படம் எடுத்தாள். எடுத்த அன்றே இரண்டு இடத்தில் நகல் போட்டுவிட்டு, "அப்பா, இந்தத் தடவை முழுசா முடிச்சாச்சு" என்றாள். உங்கள் வீட்டிலும் இப்படிப் பாதியில் நிற்கும் கருவி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து முடித்துவிடுங்கள்.