இளவேனிலும் மூச்சிரைப்பும்

வசந்தம் என்றதும் பூக்களே நினைவுக்கு வருகின்றன. தமிழகச் சமவெளியில் அதற்கு முன்னுரை எழுதுபவை சருகுகள். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கின்றன. இலை வழியே வெளியேறும் நீர் மிச்சமாவதால் மரத்தின் உடலில் ஈரம் சேர்கிறது. ஆழ வேரும் துணைநிற்க, மழைக்குக் காத்திராமலே மரம் தளிர்த்துவிடுகிறது. செந்நிற வேப்பங்கொழுந்தும் பளபளக்கும் புங்கந்தளிரும் வெயில் ஏறும் நாள்களில் தோன்றுவது இதனால்தான். சித்திரை பிறக்கையில் பச்சடிக்கு வேப்பம்பூவும் கிடைத்துவிடுகிறது.

இவ்வாரங்களில் தும்மல், கண் அரிப்பு, இரவு இருமல் என்று எம்மிடம் வருவோர் பலர். வேப்பம்பூ ஒத்துக்கொள்ளவில்லை, மரத்தை வெட்டிவிடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம் என்போம். மணத்தாலும் நிறத்தாலும் தேனீயை அழைக்கும் பூக்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது. பெரும்பாலும் வெகுதூரம் பறப்பதில்லை. காற்றை நம்பி வாழும் புல், சவுக்கு ஆகியவற்றின் பூக்களோ நம் கண்ணில் படுவதே அரிது. ஒவ்வாமை தருவதில் இவற்றின் மகரந்தத்திற்கே பங்கு அதிகம்.

எனினும் ஆஸ்துமா உள்ளோர் பொருட்டு நாங்கள் பெரிதும் அஞ்சுவது சருகுப் புகையை. மகரந்தத் துகள் பலவும் 20 முதல் 40 மைக்ரான் அளவுடையவை (1 மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான்). அவற்றுள் பெரும்பகுதியை மூக்கே தடுத்துவிடும். புகையிலோ 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மிகுதி. அவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. வாசலில் பெருக்கிய சருகைக் கொளுத்தாது குழியிலிட்டு மட்கச் செய்யுங்கள். அண்டை வீட்டாரிடமும் எடுத்துரையுங்கள். கேட்பார்களா என்பது வேறு.

மற்றொன்று. பனிக்காலம் போயிற்று, இனித் தேவையில்லை என்று தடுப்பு இன்ஹேலரைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். அம்மருந்து மூச்சுக்குழாயின் அழற்சியை நாளடைவில் தணிப்பது. நிறுத்தினால் அழற்சி ஓசையின்றித் திரும்பும். அளவைக் குறைப்பதாயினும் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். உடனடி நிவாரண இன்ஹேலரை வெளியே செல்லும்போது கையில் வைத்திருங்கள். தூசியில் சென்று திரும்பினால் முகத்தைக் கழுவுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலம் பாய்தல், நிவாரண இன்ஹேலர் எடுத்தும் தணியாத இரைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.