கோயில் என்னும் உடல்

மைசூரின் வடமேற்கே உள்ள ஹெப்பாள் தொழிற்பேட்டையை நாடி வந்து குடியேறிய தமிழர் பலர். விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் சாமுண்டி மலைக்குச் செல்வது அவர்கள் வழக்கம். அங்குள்ள கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் குழந்தை, “வாயிலுக்கு இத்தனை உயரம் எதற்கு?” என்று வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்?

நம் முன்னோர் கோயிலை ஓர் உடலாகக் கருதினர். கருவறை தலை, மகாமண்டபம் மார்பு, இராஜகோபுரம் திருவடி. ஆதலின், தொலைவில் வயலில் நின்று கோபுரத்தைக் கைகூப்புபவனும் இறைவன் அடியைத் தொழுதவனாகிறான். ‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்னும் முதுமொழியின் கருத்து இதுவே.

கோபுர நிலைகளுக்கும் பொருள் கூறுவர். மூன்று நிலை நனவு, கனவு, உறக்கம் ஆகியவற்றையும், ஐந்து நிலை ஐம்பொறிகளையும் குறிக்கும். ஏழு எனில் அவற்றோடு மனமும் புத்தியும் சேரும். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1827-இல் எழுப்பிய சாமுண்டி மலைக் கோபுரம் ஏழு நிலைகளும் ஏழு பொற்கலசங்களும் உடையது. இவ்வேழையும் அடக்கி உட்செல்க என்பது அதன் குறிப்பாகும். வெளியே வெயிலும் எண்ணற்ற சுதை உருவங்களும் உள்ளன; உள்ளே செல்லச் செல்ல ஒளி குன்றி, பல உருவங்கள் மறைந்து, விளக்கொளியில் ஒன்றே எஞ்சுகிறது.

மைசூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோமநாதபுரத்திலோ இத்தகைய உயர்ந்த கோபுரம் இல்லை. போசள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகன் சோமநாதன் 1258-இல் அமைத்த கேசவர் கோயில் அது. விண்மீன் வடிவ மேடைமீது நாம் வலம் வருகையில், சுவரின் அடிவரிசையில் யானைகள் தோன்றும். அவற்றின்மேல் குதிரை வீரர், கொடிகள், புராணக் காட்சிகள், மகரங்கள், உச்சியில் அன்னங்கள். மண்ணில் ஊன்றி நிற்கும் யானையில் தொடங்கும் நம் பார்வை, விண்ணில் பறக்கும் அன்னத்தை அடைகிறது.

1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கும் இதற்கும் தோற்றம் வேறு. ஆயினும் சிற்ப நூலார் விமானத்தை அடி, கால், தோள், கழுத்து, தலை, முடி என்றே பகுப்பர். அந்த உடல் இரண்டிற்கும் பொது.

நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னட எழுத்தைக் கற்கின்றனர். வீட்டில் தமிழைக் கற்கின்றனர். இக்கல்லெழுத்தையோ இரு மொழியினரும் ஒருங்கே படிக்கலாம். அதைப் படித்துக் காட்டுவது பெற்றோரின் கடமை. காட்டத் தவறின், கோபுரம் அவர்களுக்கு உயரமான வாயிலாக மட்டுமே நின்றுவிடும்.