உறைந்த நெய்யில் ஒரு ஜாங்கிரி

“பேரனுக்கு இதய வால்வு மாற்றச் சொல்கிறார்கள். பிரிண்டரில் உயிருள்ள வால்வு செய்கிறார்களாமே, அதுவரை பொறுக்கலாமா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பொறுக்க வேண்டாம். மருத்துவர் குறித்த நாளில் செய்துகொள்ளுங்கள். செய்திப் படத்தில் மின்னும் அந்த வால்வு இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

ஆசைப்படுவதில் தப்பில்லை. உலோக வால்வு நீடித்து உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கூடவே வரும். பன்றி வால்விலோ மாட்டின் இதய உறையிலோ செய்த திசு வால்வில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சுண்ணாம்பு படிந்து இறுகும், பிள்ளைகளிடம் இன்னும் சீக்கிரம். இரண்டுமே பிள்ளையோடு சேர்ந்து வளராது.

1960-இல் அமெரிக்காவில் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைக் கொண்டுவந்தார்கள். 1967-இல் லண்டனில் டொனால்ட் ராஸ், நோயாளியின் நுரையீரல் தமனி வால்வையே எடுத்து மகாதமனி வால்வின் இடத்தில் வைத்தார். உயிருள்ள வால்வு வளரும் என்று காட்டியது அந்த அறுவை. வரலாறு இவ்வளவு போதும், பிரிண்டருக்கு வருவோம்.

வால்வு இதழ் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத சவ்வு. அதன் பலம் கொலாஜன் என்ற புரத நாரில். கொலாஜன் கரைசலை வெறும் காற்றில் பிழிந்தால் வழிந்துவிடும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழு இதற்குக் கண்ட வழி எனக்கு அலுக்கவே இல்லை. ஜாங்கிரி பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு தட்டில் விழுந்தால் கூழ், எண்ணெயில் விழுந்தால் அந்தக் கணமே வடிவம். இவர்கள் சட்டியில் இருப்பது உறைந்த நெய் மாதிரி, நுண்ணிய ஜெலட்டின் துகள்கள் நிறைந்த கூழ். ஊசி நகரும் இடத்தில் மட்டும் இளகி வழிவிடும், ஊசி போனதும் இறுகிப் பிழிந்ததைத் தாங்கும். ஆகவே ஜாங்கிரிக்கு மாடி மேல் மாடி கட்டலாம், அந்தரத்திலும் தொங்கவிடலாம். கட்டிப்படச் சூடு தேவையில்லை: கொலாஜன் அமிலக் கரைசலாக வருகிறது, கூழின் பிஎச் 7.4, அமிலம் தணிந்ததுமே கொலாஜன் நாராகிவிடுகிறது. கடைசியில் 37 டிகிரிக்குச் சூடேற்றினால் நெய் உருகி ஓடும், ஜாங்கிரி நிற்கும். 2019-இல் இப்படி 28 மி.மீ. விட்டத்தில் மூன்று இதழ் வால்வைச் செய்து காட்டினார்கள். அதில் செல்கள் குடியேறுவதைப் பாகில் ஊறுவதாகச் சொல்லலாம்தான். ஆனால் பாகு ஜாங்கிரியைப் பிடித்து இழுக்காது. செல் இழுக்கும்.

தொல்லை அங்கேதான். செல் பரவ மெத்தென்ற ஜெல் வேண்டும். நாளுக்கு லட்சம் முறை அழுத்தம் தாங்கும் இதழுக்கு அது பற்றாது. ஜெல்லை இறுக்கினால் செல் முடங்கும். 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜோனத்தன் பட்சர் குழு ஆல்ஜினேட்-ஜெலட்டின் ஜெல்லில் செல்களோடு அச்சிட்ட வால்வில், 7 நாள் கழித்து ஐந்தில் நான்கு பங்கு செல்கள் உயிரோடிருந்தன. நல்ல செய்திதான், ‘7 நாள்’ என்பதையும் சேர்த்துப் படித்தால். பிழைத்த செல்களோ, காயம் ஆறும்போது தோலை இழுப்பதுபோல், சுற்றியுள்ள நாரை இழுக்கின்றன. இதழ் குறுகுகிறது, நடுவில் இடைவெளி விழுகிறது, ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. சூரிச் ஆய்வாளர்கள் இந்தச் சுருக்கத்தைக் கணினியில் முன்கூட்டியே கணித்து இதழின் வளைவை மாற்றியமைத்தார்கள். அந்த வால்வுகள் செம்மறி ஆடுகளில் ஓராண்டு வேலை செய்ததை 2018-இல் வெளியிட்டார்கள். அவை அச்சிட்டவை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இனி ‘வால்வு அச்சிட்டுச் சாதனை’ என்று செய்தி வந்தால் இரண்டு விவரம் தேடுங்கள்: எந்த விலங்கில் எத்தனை மாதம் ஓடியது, இதழ் எவ்வளவு சுருங்கியது. இரண்டும் இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.