செல்வத்தின் அளவைப் பலரறியக் கூறலாமோ?

செல்வம் என்றவுடன் காணியையும் நகையையும் கூட்டுவோர் பலர். ஈட்டுக்கடனைக் கழிப்போர் சிலர். கழித்து எஞ்சுவதை ஊரறிய வைத்தால் யாது விளையும்? நோர்வே நாட்டார் இதனைக் கண்டறிந்தனர்.

அங்கே மக்களின் வருமானமும் சொத்தும் 19ஆம் நூற்றாண்டு தொட்டே எவரும் பார்க்கத்தக்க வரியேட்டில் இருந்தன. அதனைப் புரட்ட அலுவலகம் செல்லவேண்டும். 2001இல் செய்தித்தாள்கள் அவற்றை இணையத்தில் ஏற்றவே, அயலாரும் உறவினரும் ஒருவரையொருவர் துருவலாயினர். 2014இல், தேடியவர் பெயரைத் தேடப்பட்டவர் அறியலாம் என்று விதி வந்தது. அவ்வளவில் தேடுவோர் தொகை பெரிதும் வீழ்ந்தது. பொதுநலங் கருதிப் பார்ப்போர் தம் பெயர் வெளிப்பட அஞ்சுவரோ?

பொதுப்பணத்தைக் கையாள்வோர் நிலை வேறு. இலங்கையின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் சொத்து விவரத்தைக் கேட்டது. ஆயின் பெற்றவர் அதனை மறைபொருளாகப் பேணவேண்டும் என்றது. வெளியிட வழிசெய்தது 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமே. அது நன்று, காலந் தாழ்த்தியும் வந்தது.

ஆனால், வகுப்பில் அருகருகே இருக்கும் இரு மாணாக்கரின் தந்தையர் கணக்கு வெளிவரவேண்டியதில்லை. வீடு ஈட்டில் இருப்பதை ஒரு பிள்ளை தன் தோழன் வாயாற் கேட்க நேரும்.